வேர்டு கோப்புக்குள் இருக்கும் தரவு: ஒரு திருத்தமும் ஒரு வேண்டுகோளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கக் கேள்வி-பதிலில் சென்ற வாரம் வாசகர் ஒருவர், வேர்டு கோப்புக்குள் நம் சொந்த எக்ஸ்எம்எல் தரவை (ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயர் சொல்லும் குறிச்சொற்களுக்குள் இட்டு எழுதிய தரவை) வைத்து நிரல் வழியே கையாள முடியுமா என்று கேட்டிருந்தார். அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது என்று அவருக்கு விடை தரப்பட்டிருந்தது. அந்த விடை பாதிதான் சரி. நீக்கப்பட்டது ஒன்று, இன்றும் இருப்பது வேறொன்று. இரண்டையும் 'கஸ்டம் எக்ஸ்எம்எல்' என்றே எல்லோரும் அழைப்பதால் வந்த குழப்பம் இது. சான்றிதழ், பணி ஆணை, ஒப்பந்தப் பத்திரம் போன்ற ஆவணங்களை நிரல் எழுதி உருவாக்கித் தரும் வேலையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்தக் குழப்பத்தால் நல்ல வழியைக் கைவிட்டுக் கடினமான வழியில் போன அலுவலகங்களைக் கண்ணால் கண்டிருப்பதால், சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் வழக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த ஐ4ஐ என்ற சிறு நிறுவனம், ஆவணத்தின் அமைப்பையும் உள்ளடக்கத்தையும் தனித்தனியே கையாளும் முறைக்கு 1998ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தது. வேர்டு 2003, வேர்டு 2007 ஆகியவற்றில், பயனர் தம் சொந்தக் குறிச்சொற்களை ஆவணத்தின் வாக்கியங்களைச் சுற்றியே இட்டுவைக்கும் வசதி இருந்தது. அது தன் காப்புரிமையை மீறுகிறது என்று அந்நிறுவனம் 2007 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் மீது டெக்சாஸில் வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதத்தில் நடுவர் குழு 20 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. தண்டத்தொகையும் வட்டியும் சேர்ந்து அது 29 கோடி டாலரை நெருங்கியது. அத்துடன், அந்த வசதியுள்ள வேர்டை அமெரிக்காவில் விற்பதற்கு 2010 ஜனவரி 11 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2011 ஜூன் 9 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும், ஒரு காப்புரிமை செல்லாது என்று நிறுவத் தெளிவான, ஐயத்துக்கு எளிதில் இடம் தராத சான்று வேண்டும் என்று கூறி, ஐ4ஐ பெற்ற தீர்ப்பை உறுதிசெய்தது.

இதன் விளைவாக, வேர்டு இப்போது ஒரு கோப்பைத் திறக்கும்போது வாக்கியங்களுக்கு நடுவே இடப்பட்ட அந்தச் சொந்தக் குறிச்சொற்களை மட்டும் அகற்றிவிடுகிறது. அவற்றுக்குள் இருந்த உரை அப்படியே நிற்கிறது. ஆனால் அதே கோப்பில் தனி அறையாக வைக்கப்படும் எக்ஸ்எம்எல் தரவை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. அது வேர்டு 2007இல் வந்தது. இன்றைய வேர்டிலும் இருக்கிறது. அந்த வாசகர் கேட்டது இதைத்தான் என்று கருதுகிறேன்.

வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் பொதி. ஒரு நகலை எடுத்து, அதன் பெயரின் இறுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தால் உள்ளே அடைவுகள் தெரியும். 'வேர்டு' என்ற அடைவில் ஆவணத்தின் உரை இருக்கும். சொந்தத் தரவு சேர்க்கப்பட்ட கோப்பானால், அதற்கு அருகிலேயே 'கஸ்டம்எக்ஸ்எம்எல்' என்று இன்னோர் அடைவு இருக்கும். அதனுள் 'ஐட்டம்1' என்ற கோப்பில் நம் தரவு இருக்கும்; அதற்குத் துணையாக உள்ள பண்புக் கோப்பு, அந்தத் தரவுக்கு 32 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண்ணைத் தாங்கி நிற்கும். இந்த அமைப்பு 2006 டிசம்பரில் எக்மா 376 என்ற தரமாகவும், 2008இல் ஐஎஸ்ஓ 29500 என்ற பன்னாட்டுத் தரமாகவும் பதிவாகி, எவரும் படிக்கக் கிடைக்கிறது.

பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் 'கன்டென்ட் கன்ட்ரோல்' எனப்படும் கட்டங்களை வைக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும், எந்த அடையாள எண்ணுள்ள தரவில், எந்தப் பாதையில் உள்ள மதிப்பைக் காட்ட வேண்டும் என்று ஓர் இணைப்பு எழுதப்படுகிறது. ஒரு பணி ஆணையில் சம்பளம் முதல் பத்தியில் ஒரு முறை, இணைப்புப் பட்டியலில் ஒரு முறை, கடைசியில் பணியாளர் கையொப்பமிடும் ஒப்புதல் வரியில் ஒரு முறை என மூன்று இடங்களில் வரும். மூன்று கட்டங்களையும் ஒரே எக்ஸ்எம்எல் உறுப்புடன் கட்டிவிட்டால், நிரல் அந்த ஓர் உறுப்பை மாற்றினால் போதும், மூன்றும் மாறிவிடும். அலுவலர் ஒருவர் பக்கத்திலேயே முதல் கட்டத்தைத் திருத்தினாலும், திருத்தம் தரவுக்குப் போய் மற்ற இரண்டு இடங்களிலும் வந்து நிற்கும். முதல் பத்தியில் ஒரு தொகையும் பட்டியலில் வேறொரு தொகையுமாகக் கையொப்பமான ஒப்பந்தத்தால் வழக்கறிஞரிடம் ஓடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதற்குத் தேவையான நிரலும் பெரிதல்ல. வேர்டுக்குள்ளேயே மேக்ரோ என்ற சிறு நிரல் எழுதுவோருக்கு 'கஸ்டம்எக்ஸ்எம்எல்பார்ட்ஸ்' என்ற தொகுப்பு இருக்கிறது. தரவைச் சேர்க்கவும் தேடவும் அதிலேயே வழிகள் உள்ளன. கட்டத்துடன் இணைக்க, கட்டத்துக்குரிய 'எக்ஸ்எம்எல்மேப்பிங்' உதவும். வேர்டு நிறுவப்படாத சர்வரில் ஆயிரக்கணக்கில் ஆவணம் உருவாக்குவோர், மைக்ரோசாஃப்ட் திறமூலமாக வெளியிட்டிருக்கும் ஓப்பன் எக்ஸ்எம்எல் எஸ்டிகே என்ற நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பை, பயன்படுத்தலாம். அதுவும் வேண்டாம் என்றால், ஜிப்பைத் திறக்கவும் எக்ஸ்எம்எல்லைப் படிக்கவும் தெரிந்த எந்த நிரல்மொழியும் போதும். டெம்ப்ளேட்டின் (மாதிரி ஆவணத்தின்) நகலை எடுத்து, ஐட்டம்1 கோப்பை மட்டும் புதிய தரவால் மாற்றி மூடிவிட்டால், வேர்டு அடுத்த முறை திறக்கும்போது கட்டங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

இவ்வளவு இருந்தும் நான் கண்ட அலுவலகங்களில் பெரும்பாலானவை 'கண்டுபிடித்து மாற்று' முறையையே நம்பியிருக்கின்றன. டெம்ப்ளேட்டில் அடைப்புக்குறிக்குள் 'பெயர்' என்று எழுதிவைத்து, நிரல் அதைத் தேடி உண்மையான பெயரைப் போடும். தொடக்கத்தில் நானும் இப்படித்தான் செய்தேன். ஒரு கல்வி நிறுவனத்துக்குச் சான்றிதழ் தயாரித்தபோது, எல்லாம் சோதித்துக் கொடுத்த இரண்டாம் வாரத்தில், மாணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறியும் 'பெயர்' என்ற சொல்லுமாகவே ஒரு கட்டுச் சான்றிதழ்கள் அச்சாகிவிட்டன. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஜிப்பைப் பிரித்து உள்ளே பார்த்த பிறகே புரிந்தது: அலுவலக உதவியாளர் ஒருவர் அந்தச் சொல்லின் நடுவில் ஓர் எழுத்தை அழித்து மீண்டும் அடித்திருக்கிறார். வேர்டு அந்தத் திருத்தத்தைத் தனி அமர்வாகக் குறித்துக்கொண்டு, ஒரே சொல்லை மூன்று துண்டுகளாகப் பிரித்து எழுதிவைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சொல், கோப்புக்குள் மூன்று துண்டுகள். நிரல் தேடிய முழுச்சொல் எங்கேயும் இல்லை. பிழைதிருத்தியின் குறி, மொழி அமைப்பு, எழுத்துரு மாற்றம் என இத்தகைய பிளவுக்குக் காரணங்கள் பல. தரவைக் கட்டத்துடன் கட்டிய கோப்பில் இந்தத் தொல்லைக்கு இடமில்லை; ஏனெனில் நிரல் பக்கத்தின் உரையைத் தேடிப் போவதே இல்லை.

எக்ஸ்எம்எல்லை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். இதை எனக்குக் கற்பித்தது ஈஸ்வரி என்ற பெயர். நான் வேலை செய்துகொடுத்த ஓர் அலுவலகத்தின் பெயர்ப்பட்டியல் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்த எழுத்துருவில் 'ஈ' அமர்ந்திருப்பது 'இதைவிடச் சிறியது' என்று கணக்கில் நாம் போடும் குறியின் மேல். அதே குறிதான் எக்ஸ்எம்எல்லில் குறிச்சொல் தொடங்குவதற்கான அடையாளம். நானோ எழுத்துத் துண்டுகளை ஒட்டி ஒட்டி எக்ஸ்எம்எல் எழுதிக்கொண்டிருந்தேன். முருகனும் செல்வியும் தடையின்றிப் போனார்கள். ஈஸ்வரியின் பெயர் வந்ததும் புதிய குறிச்சொல் ஒன்று திறந்ததாக எண்ணி நிரல் நின்றுவிட்டது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடுக்கு மாறிய பின் 'ஈ' பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் கடைப்பெயர்களில் 'அண்டு' என்பதற்குப் போடும் குறி இன்றும் இதே வேலையைச் செய்யும். எக்ஸ்எம்எல் நூலகத்தின் வழியாகவே உறுப்புகளை உருவாக்கினால் அது இக்குறிகளைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தன் தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும் பழைய எழுத்துருவில் பட்டியல் வைத்திருப்போர், எக்ஸ்எம்எல்லுக்குத் தரவை அனுப்பும் முன் கட்டாயம் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துரு இல்லாத இடத்தில் அந்தத் தரவு எவருக்கும் பொருள் தராது.

தமிழில் ஆவணம் தயாரிப்போர் சந்திக்கும் ஒரு சிக்கலை ஆங்கில வழிகாட்டிகள் எதுவும் சொல்லித்தருவதில்லை. ஆங்கிலத்தில் பெயர் எந்த இடத்தில் வந்தாலும் உருமாறாது. முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் வேற்றுமை வந்துவிடும். தமிழில் முருகன் முருகனுக்கு என்றும், ராஜா ராஜாவுக்கு என்றும், மரகதம் மரகதத்துக்கு என்றும் மாறுகிறார்கள். கட்டத்தின் வலப்பக்கத்தில் 'க்கு' என்று எழுதிவைத்தால் 'மரகதம்க்கு' என்று ஆணை அச்சாகும். அப்படி அச்சான ஆணையை ஒரு பெரியவர் என் மேசையில் வைத்து, தன் பெயரைக்கூடத் தமிழில் சரியாக எழுதத் தெரியாதா என்று கேட்டபோது எனக்கு மறுமொழி இல்லை. இதற்கு இரண்டு வழிகளைக் கைக்கொள்கிறேன். நம் அலுவலகக் கடிதங்களில் வழிவழியாக வரும் 'அவர்கள்' என்ற சொல்லைக் கட்டத்துக்குப் பின் நிலையாக வைத்துவிட்டால், 'திருமதி மரகதம் அவர்களுக்கு', 'திரு. ராஜா அவர்களின்' என்று உருபுகள் அனைத்தும் அந்தச் சொல்லின் மேலேயே ஏறிக்கொள்ளும். பெயர் எழுவாய் வடிவத்திலேயே நிற்கும். மரியாதையும் கெடாது. ஊர்ப்பெயர் போன்றவற்றுக்கு அந்தச் சொல் பொருந்தாது. அங்கே எக்ஸ்எம்எல்லிலேயே 'ஊர்', 'ஊரில்', 'ஊருக்கு' என்று தனித்தனி உறுப்புகள் வைத்து, பட்டியல் தயாராகும்போதே தமிழறிந்த ஒருவர் அவற்றைச் சரிபார்க்கும்படி செய்கிறேன். மதுரை மதுரையில் ஆவதும், சேலம் சேலத்தில் ஆவதும், ஈரோடு ஈரோட்டில் ஆவதும் ஒரே விதிக்குள் அடங்குவன அல்ல. தலைப்பெழுத்தும் தனி உறுப்பாகவே இருக்க வேண்டும். சிலர் பெயருக்கு முன்னும் சிலர் பின்னும் எழுதுகிறார்கள். சேர்த்து வைத்துவிட்டால் பின்னால் பிரிக்க முடியாது.

நிரல் எழுதுவோர் அடிக்கடி தடுக்கி விழும் சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்எம்எல்லுக்கு நேம்ஸ்பேஸ் (அதன் உறுப்புகள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் பெயர்) கொடுத்துவிட்டு, பாதையில் அதற்குரிய முன்னொட்டை எழுத மறந்தால், கட்டம் எந்தப் பிழைச்செய்தியும் இன்றி இணையாமல் இருந்துவிடும். நாள் கணக்கில் தேட வைக்கும் பிழை இது. அடுத்து, வேர்டு தன் சொந்தப் பயன்பாட்டுக்காக மூன்று தரவுப் பகுதிகளை ஒவ்வோர் ஆவணத்திலும் ஏற்கெனவே வைத்திருக்கிறது. ஆகவே நம் தரவை 'நான்காவது' என்று வரிசை எண்ணால் அழைக்கக் கூடாது. நேம்ஸ்பேஸாலோ அடையாள எண்ணாலோதான் தேட வேண்டும். தேதியை எக்ஸ்எம்எல்லில் 2024-03-02 என்ற ஐஎஸ்ஓ வடிவில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தேதிக் கட்டத்திடம் விட்டுவிட்டால், அது மார்ச் 2ஆம் தேதியா பிப்ரவரி 3ஆம் தேதியா என்ற ஐயம் எழாது.

இன்னொன்று சற்று நுட்பமானது. கட்டத்துக்குள் கடைசியாகக் காட்டப்பட்ட உரையின் நகல் ஒன்று ஆவணத்திலும் இருக்கும். வேர்டு திறக்கும்போது அந்த நகலை ஒதுக்கித் தரவையே காட்டும். ஆனால் கைப்பேசியில் கோப்பைக் காட்டும் எல்லாச் செயலிகளும், பிடிஎஃப் ஆக மாற்றும் எல்லா மென்பொருள்களும் இந்த இணைப்பை மதிப்பதில்லை. சில அந்தப் பழைய நகலையே காட்டிவிடும். சர்வரில் ஐட்டம்1 கோப்பை மட்டும் மாற்றி, அங்கேயே பிடிஎஃப் எடுப்பவர்களுக்குப் போன மாதத்துப் பெயரே வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். வேர்டு அல்லாத மென்பொருளுக்குக் கோப்பு போகும் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றும்படி நிரல் எழுத வேண்டும்.

இந்த வசதியைப் பரிந்துரைக்கும் நான் அதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் தெரியாத தரவும் கோப்புடன் சேர்ந்தே பயணம் செய்கிறது. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவருக்கு ஒரு நிறுவனத்திலிருந்து டாக்எக்ஸ் வடிவில் பணி ஆணை வந்தது. பக்கத்தில் இருந்தவை பெயர், பதவி, சேரும் நாள், சம்பளம் ஆகியவை மட்டுமே. நிரல் பழகும் ஆர்வத்தில் அவர் ஜிப்பைப் பிரித்து ஐட்டம்1 கோப்பைப் பார்த்தபோது, விண்ணப்பத்தில் அவர் தந்திருந்த வங்கிக் கணக்கு எண், தந்தையாரின் வருமானம், நேர்காணல் எடுத்தவர் அவரைப் பற்றி எழுதிய குறிப்பு, அந்தப் பதவிக்கு நிறுவனம் தரத் தயாராக இருந்த அதிகபட்சச் சம்பளம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. நிரலாளர் நான்கு உறுப்புகளை எழுதுவதற்குப் பதில், தரவுத்தளத்தின் முழு வரிசையையும் அப்படியே எக்ஸ்எம்எல்லாக மாற்றிக் கோப்புக்குள் போட்டுவிட்டார். அந்தக் கோப்பை இளைஞர் தம் நண்பர்கள் மூவருக்கு ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அவர் கண்ணில் பட்ட கவலையை இன்னும் மறக்க முடியவில்லை.

பக்கத்தில் கட்டம் இல்லாத எந்த உறுப்பும் தரவில் இருக்கக் கூடாது என்பதை நான் எழுதும் நிரல்களில் சோதனையாகவே வைத்திருக்கிறேன். கட்டங்களின் பாதைகளையும் எக்ஸ்எம்எல்லின் உறுப்புகளையும் ஒப்பிட்டு, மிகையாக ஒன்று இருந்தாலும் ஆவணம் வெளியே போகாது. அனுப்புவதற்கு முன் கையால் நீக்க விரும்புவோர், வேர்டின் 'ஃபைல்' பகுதியில் உள்ள 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' என்பதை இயக்கலாம். அது கஸ்டம் எக்ஸ்எம்எல் தரவைத் தனியாகக் கண்டு சொல்லி, நீக்கவும் செய்யும். நீக்கிய பிறகும் பக்கத்தில் தெரியும் எழுத்துகள் அப்படியே இருக்கும். இணைப்பு மட்டும் அறுந்துபோகும். மூலக்கோப்பைத் தம்மிடம் வைத்துக்கொண்டு நகலில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் ஒப்புதல் என்பது சொல்லப்பட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது. பணி ஆணை அனுப்புவதற்குத் தந்தையாரின் வருமானம் எவ்வகையிலும் தேவையானது அன்று.

ஆகவே தங்கள் கணினிப் பக்கத்தில் வெளியான விடையைத் திருத்தி, வாக்கியங்களுக்கு நடுவே இடும் குறிச்சொற்கள் மட்டுமே நீக்கப்பட்டன, தனித் தரவுப் பகுதிகளும் அவற்றுடன் கட்டப்படும் கட்டங்களும் இன்றும் செயல்படுகின்றன என்று வெளியிட வேண்டுகிறேன். கேள்வி கேட்ட வாசகர், வேர்டு 2013 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வைத்திருந்தால், 'டெவலப்பர்' பட்டையில் 'எக்ஸ்எம்எல் மேப்பிங்' என்ற பலகத்தைத் திறந்து, ஒரு பெயரும் ஒரு தேதியும் மட்டுமுள்ள சிறு எக்ஸ்எம்எல் கோப்பை அதில் சேர்த்து, இரண்டு கட்டங்களைக் கட்டிப் பார்க்கட்டும். பிறகு கோப்பின் நகலை ஜிப்பாகப் பிரித்து, தாம் எழுதிய தரவு உள்ளே எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும். நிரல் எழுதுவதை அதன் பிறகு தொடங்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஆவண மென்பொருள் நிரலாளர் ஒருவர்,
ஈரோடு